ஏழாம் நம்பர் ரூமுல பேசுன பேச்சு

எங்க ஊருல ஆளுக வாயிலருந்து நெருப்பு விழுந்துக்கிட்டிருந்த காலத்துல, அந்த வாயோடவே ஊரு முச்சூடும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்கும் போயி வந்துக்கிட்டிருந்த காலத்துல, ஒரு திங்கக்கிழம காலையில, நாலு பொம்பளைக வெடிக் குழாய்க்குள்ள மருந்து செலுத்திக்கிட்டிருந்த ஏழாம் நம்பர் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு நான் ஒரு பேச்சு பேச வேண்டியதாப் போச்சு. பேசாட்டி நாலு பேரும் போயிருவாக. பேசுனா, என் நாக்கு அன்னைக்கு என்ன புத்தியில இருக்கோ அதப் பொறுத்து, நாலு பேரோட சேந்து நானும் போயிருவேன். அந்த நாலுல ஒருத்தி என் பொண்டாட்டி சுகிர்தம்.

நான் தங்கப்பழம். கம்பெனி கேட்டுல வாச்மேன். படிப்பு அஞ்சாங்கிளாசுல பாதி, மிச்சப் பாதி வாத்தியாரு பிரம்புலயே முடிஞ்சு போச்சு. வாய் மட்டும் காலேசு வரைக்கும் போயிட்டு வந்துருக்குன்னு சுகிர்தம் சொல்லுவா.

நெருப்பு ஏன் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, கேட்டதும் யாருமில்ல. எங்க எலியேசர்புரம் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவுல கரிசக்காட்டுக்குள்ள கெடக்குற ஊரு. அறுபது வீடு, ஒரு கோயிலு, ஒரு கண்மாய், ரெண்டு டீக்கட, கெழக்க அரை மைல்ல கம்பெனி. எல்லாம் வேதக்கார ஆளுக, கோயிலும் ஏசு கோயிலுதான். வேதக்கார ஊருல பொறணி பேசக்கூடாதுல்லா, அதனால நாங்க பொறணிய ஜெபமாப் பண்ணுவோம். ஒரு புதங்கிழம சாயங்காலம் வீட்டு ஜெபக் கூட்டத்துல எமிலிபாக்கியம் அக்கா முட்டங்கால் போட்டு, கண்ண மூடி, ரெண்டு கையையும் ஒசத்தி, "ஆண்டவரே, எதுத்த வரிசையில, பச்சக் கதவு போட்ட வீட்டுல இருக்குற உம்முடைய அடியாள நெனச்சருளும், அவ வெள்ளிக்கிழம தோறும் சாத்தூரு பஸ்சுல யாரு பக்கத்துல ஒக்காந்து போறான்னு நீர் அறியாததல்ல"ன்னு உருகுனா. உருகுன வாயிலருந்து, எலந்தப்பழக் கொட்டை அளவுக்கு, செக்கச்செவேல்னு ஒரு கங்கு விழுந்து கோரப்பாயச் சுட்டுச்சு.

"அக்கினி! அக்கினி எறங்கிருச்சு! ஸ்தோத்திரம்!"னு கூட்டம் எந்திரிச்சிருச்சு. பச்சக் கதவு வீட்டுக்காரியும் அங்கதான் முட்டங்கால்ல இருந்தா, அவளும் சேந்துதான் ஸ்தோத்திரம் போட்டா. பெந்தெகொஸ்தே நாளுல நெருப்பு மேல இருந்து எறங்கி மனுசன் தலையில ஒக்காந்துச்சு, இதோ மனுசன் வாயிலருந்து கீழ விழுந்து பாயச் சுடுது, தெச மாறிப் போவுதேன்னு அன்னைக்கு ஒருத்தரும் யோசிக்கல. அடுத்த ஞாயித்துக்கிழம கோயிலு நெறஞ்சு வழிஞ்சுது. எல்லாருக்கும் அபிஷேகம் வேணும். தொண்ட கிழியப் பாடுனாக, ஒரு பொறி இல்ல. சாட்சி சொன்னாக, ஒரு பொறி இல்ல. ஆராதன முடிஞ்சு வெளிய வந்து செருப்ப மாட்டிக்கிட்டே, "பாத்தியா, கமிட்டி மெம்பரு பொண்டாட்டி கட்டியிருக்குற சேலைய, போன கோயில் அசன விருந்துல மிஞ்சுன அரிசிதான் அப்பிடிப் பளபளங்குது"ன்னு ஒருத்தி சொன்னா பாருங்க, அப்பக் கொட்டுச்சு, படபடன்னு, மூணு கங்கு.

எங்க கோயில்ல பிரசங்கம் பண்ணுற உபதேசியாரு அருமைநாயகம்தான் ஒரு வாரம் ஊரச் சுத்திச் சுத்திக் கவனிச்சு, இதோட சட்டத்தக் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. ஒருத்தனக் கீழ தள்ளணும்னு மனசு ஆசப்பட்டு சொல்லுத சொல்லுதான் நெருப்பா விழுது, சொன்னது பொய்யா மெய்யாங்கிறத அது பாக்குறதில்ல. டீக்கட பொன்பாண்டி, "பால்க்காரன் பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துதான்"னு சொன்னான். அது நூத்துக்கு நூறு நெசம், அந்தத் தண்ணியில நானே மீனு தேடியிருக்கேன். ஆனா அவன் அத எப்பிடிச் சொன்னாங்கீக, நாக்கச் சப்புக்கொட்டி, பாயாசம் குடிக்குத மாதிரி சொன்னான். கடக் கூரை எரிஞ்சு போச்சு.

"ஆண்டவரு ஒலகத்தக் கையால செய்யல, வாயாலதான் செஞ்சாரு"ன்னு உபதேசியாரு பிரசங்கம் பண்ணுனாரு. "உண்டாகட்டும்னாரு, உண்டாச்சு. அந்த வாய நமக்குக் கொடுத்தாரு, நாம அத வச்சு எதுத்த வீட்ட எரிக்கோம். கப்பல் எவ்வளவு பெருசு, அதத் திருப்புற சுக்கான் எவ்வளவு சிறுசு! அப்பிடித்தான் நாக்கும்."

நான் கடைசி பெஞ்சுல இருந்து கேட்டேன். "ஐயா, ஒரு தீர்க்கதரிசி ஒதட்டுல தேவதூதன் நெருப்புத் தணல வச்சு சுத்தம் பண்ணுனான்னு நீங்கதான் சொன்னீக. அவருக்கு வெளிய இருந்து உள்ள போச்சு, நமக்கு உள்ள இருந்து வெளிய வருது. அப்ப நமக்குள்ள இருந்து அழுக்கு வெளியேறுதுன்னு வச்சுக்கிடலாமா?"

"வெளியேறுதுதான், தங்கப்பழம். ஒமக்கு மட்டும் தீரவே மாட்டேங்குதே"ன்னாரு. கோயிலே சிரிச்சிச்சு. சிரிப்புல ரெண்டு பொறி விழுந்து பாட்டுப் புஸ்தகம் ஒண்ணு கருகிப் போச்சு.

மனுசன் எதுக்குத்தான் பழக மாட்டான். பத்து நாளையில ஊரு பழகிருச்சு. தீப்பெட்டி வாங்குறத நிறுத்திட்டாக. காலையில பொம்பளைக அடுப்புக்கு முன்னால குத்த வச்சு, நாத்தனார நெனச்சு ரெண்டே ரெண்டு வார்த்த, வெறகு குப்புன்னு பத்திக்கிடும். நாத்தனா இல்லாதவ பக்கத்து வீட்டுல போயி எரவல் நெருப்பு வாங்கிட்டு வருவா. நான் பீடிய வாயில வச்சுக்கிட்டு எங்கயாச்சும் ரெண்டு பேரு குசுகுசுன்னு பேசுத எடத்துல மொகத்த நீட்டுனாப் போதும். மூணு ஓலக் குடிசையும் ஒரு வைக்கோப் படப்பும் போச்சுதான், ஆனாலும் ஊருல ஒரு கலகலப்பு இருந்துச்சு.

கம்பெனிதான் முழிச்சிக்கிடுச்சு. பட்டாசுக் கம்பெனிங்கிறது எப்பிடின்னா, காலுல செருப்பு கூடாது, நைலான் துணி கூடாது, போன் கூடாது, உள்ள நொழையும்போது செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்புல இருக்குற கரண்டக் கழிச்சிட்டுப் போவணும். ஒரு ரூமுக்கு நாலு பேருதான், நாலு பக்கமும் வாசல், தரையில ரப்பர் பாயி. அப்பிடிப் பொத்திப் பொத்திப் பொழைக்குற எடத்துக்குள்ள இருநூறு வாயி கங்கு துப்பிக்கிட்டுப் போனா என்னாவும்? மொதலாளி சிவகாசியில இருந்து வந்தாரு, காருக்குள்ள இருந்துக்கிட்டே பேசுனாரு, அவருக்குத் தன் வாய் மேலயே நம்பிக்க இல்ல போல. போர்மேன் வேதமாணிக்கத்துக்கிட்டப் பொறுப்பு வந்துச்சு. வேதமாணிக்கம் யாருன்னா சுகிர்தத்துக்கு மூத்தவரு, எனக்கு மச்சினரு. அவரு போட்ட சட்டம்: கேட்டத் தாண்டுனா ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. எல்லாம் கைச்சாட.

கேட்டுல நின்ன எனக்குப் புதுசா ஒரு தண்ணி வாளியும் கொடுத்தாக. ஒவ்வொருத்தரும் தண்ணி வாளிக்கு மேல குனிஞ்சு, அன்னைக்கு மனசுல வச்சிருக்குறத ஒருதரம் அதுல கொட்டிட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள போவணும். காலையில ஏழு மணிக்கு வந்து பாத்துருக்கணும் நீங்க. "என் மாமியா"ன்னு ஆரம்பிப்பா ஒருத்தி, வாளியில சுஸ்சுன்னு சத்தம். எட்டு மணிக்கு வாளித் தண்ணியில டீ போடலாம், அம்புட்டுச் சூடு.

கம்பெனியில பேச்சு நின்னுச்சா, பொறவு ரோட்டுல நின்னுச்சு, பொறவு வீட்டுல நின்னுச்சு. எதுக்கு வம்புன்னு. எதச் சொன்னா நெருப்பு விழுமோன்னு ஒரு பயம். "வெயிலு" "ஆமா" "ஸ்தோத்திரம்" இந்த மூணு சொல்ல வச்சே எலியேசர்புரம் மூணு மாசம் குடும்பம் நடத்துச்சு. கல்யாண ஓலைய மூணு ஞாயிறு கோயில்ல வாசிச்சு, ஆட்சேபன உண்டான்னு கேட்டா ஒரு குருவி கூடக் கத்தாது. மாப்பிள்ளைக்கு வேற ஊருல ஒரு குடும்பம் இருக்குன்னு பாதி ஊருக்குத் தெரியும், கம்முன்னு இருந்துச்சு. உபதேசியாருக்குச் சந்தோசமான சந்தோசம். "கோயிலுக்குள்ள தூபங்காட்டப் போன ஒரு ஆசாரியரு, தூதன் சொன்னத நம்பாமப் போயி ஊமையாயிட்டாரு. நாம நம்பியே ஊமையாயிட்டோம், கிருப!"ன்னாரு.

எனக்கு எப்பிடி இருந்துருக்கும். பொறந்த நாளுல இருந்து வாயால பொழச்சவன். வயிறு உப்பசமாயி, சோறு எறங்கல. ஒருநா தாங்க மாட்டாம கண்மாய்க்குள்ள எறங்கி, கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு, ஊருல ஒருத்தர் பாக்கி இல்லாம வாய்க்கு வந்தபடி வஞ்சு தீத்தேன். என்ன சொகம்ங்கீக! கங்கு கங்காத் தண்ணியில விழுந்து சுஸ்சு சுஸ்சுன்னு அணையுது. கரையத் திரும்பிப் பாத்தா வரிசையா ஆளுக நிக்காக. மறுநாள்ல இருந்து ஊருக்கமிட்டி நேரம் போட்டுருச்சு, காலையில பொம்பளைக, சாயங்காலம் ஆம்பளைக, ஆளுக்கு கால் மணி நேரம். எல்லாரும் கழுத்தளவு தண்ணியில, ஒருத்தர ஒருத்தர் பாக்காம, ஆளுக்கொரு தெசையப் பாத்து வையுறது. கெண்ட மீனு பாதி வெந்து மெதந்துச்சு. உப்பு போட்டாப் போதும், அப்பிடியே சாப்பிடலாம்.

என் கால் மணி நேரம் முழுக்க ஒரே ஆளுக்குத்தான், வேதமாணிக்கத்துக்கு. ஏன்னா, நான் வாச்மேனாப் பொறந்தவன் இல்ல. பதினெட்டு வருசம் மருந்து செலுத்துனவன், என் கை அளவு ஒரு குண்டுமணி பெசகாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி அவரு மீச மையப் பத்தி, வேர்வையில அது தாடையில எறங்கி வர்றதப் பத்தி, ரூமுக்குள்ள ஒரு வார்த்த சொன்னேன். பொம்பளைக சிரிச்சதுல ஒருத்தி கையிலருந்து மருந்து சிந்திருச்சு. "வாய் உள்ளவன் வெளிய"ன்னாரு, கேட்டுல கொண்டு வந்து நிறுத்துனாரு. அன்னையில இருந்து மச்சான்னு கூப்பிட்டதில்ல. போர்மேன்தான்.

இப்ப நல்லாக் கேளுங்க. செலுத்தி மிஞ்சுன மருந்த அன்னன்னைக்கு அழிச்சிரணும், மறுநாளைக்கு வைக்கவே கூடாது, அதுலயும் ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே சூடேறிக்கிட்டே கெடக்கும், எப்ப வெடிச்சு எந்திரிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. அழிக்குற குழி கேட்டுக்கு வெளிய. மருந்து வாளி எல்லாத்தையும் செவப்புத் துணியாலதான் மூடுவாக. தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிச்ச மருந்து வாளி என்னத் தாண்டித்தான் போவணும். தீவாளிக்கு மூணு வாரம் இருக்கையில, ஒரு சனிக்கிழம, அஞ்சு மணி ஆச்சு, அஞ்சரை ஆச்சு, ஆளெல்லாம் போயாச்சு, வேதமாணிக்கமும் பூட்டிட்டு வெளிய வந்தாரு. வாளி வரல.

கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். நெருப்பு விழுறதுக்கு முந்தி நாக்கு நுனி பச்ச மொளகாயக் கடிச்ச மாதிரி காந்தும். அப்பிடிக் காந்துச்சு. ஏன் காந்துச்சுன்னு எனக்குத் தெரியும். மாட்டுனாருல்லா போர்மேன்னு உள்ளுக்குள்ள ஒரு குதியாட்டம். அந்தக் குதியாட்டத்தோட கம்பெனி வாசல்ல நின்னு எப்பிடி வாயத் தொறக்குறது? மூடிக்கிட்டேன். அவரு வெயிலுன்னாரு, நான் ஆமான்னேன், அவரு ஸ்தோத்திரம்னு போயிட்டாரு.

ஞாயித்துக்கிழம மழ கொட்டுன கொட்டுல கரிசக்காடு குழம்பாப் போச்சு. சுகிர்தம் எதுத்தாப்புல இருந்து கறிச்சோறு போட்டா. அவ அண்ணனப் பத்தி அவகிட்ட என்னன்னு ஆரம்பிக்கது? நாளைக்கு அழிச்சிருவாரு, அவருக்குத் தெரியாதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு எலும்பக் கடிச்சேன்.

திங்கக்கிழம ஏழு மணிக்கு எல்லாரும் வாளியில கொட்டிட்டு உள்ள போனாக. ஏழரைக்குச் சமையக்காரி ஒருத்தி எட்டாம் நம்பருக்குத் தண்ணி கொண்டு போயிட்டு வந்தவ, மூக்கப் பொத்திக்கிட்டு, ஏழாம் நம்பரக் கையக் காட்டி, ஒண்ணுக்குப் போற மாதிரி சாட காட்டிச் சிரிச்சா. மூத்திர நெடி அடிக்குதாம்.

நான் பதினெட்டு வருசம் அந்த மருந்தோட கெடந்தவன். ஈரம் குடிச்ச மருந்து சூடேறும்போதுதான் அந்த நெடி வரும். சனிக்கிழம மருந்து, ஞாயித்துக்கிழம மழையில ஈரம் குடிச்சிருக்கு. ஏழாம் நம்பருல.

ஓடக் கூடாது, உள்ள யாரும் ஓடக் கூடாது, தெறிக்குற ஒரு கல்லு போதும். அதனால கேட்டுல இருந்து ஏழாம் நம்பரு வரைக்கும் நடந்தேன், கண்ணாடித் தரையில நடக்குத மாதிரி நடந்தேன். உள்ள நாலு பேரும் அவுக அவுக மூலையில ஒக்காந்து செலுத்திக்கிட்டிருக்காக. நடுவுல அந்த வாளி, செவப்புத் துணியோட. நெடி மூக்கத் தொளைக்குது. அந்த நாலு பேரும் ஒருத்திய ஒருத்தி ஓரக்கண்ணால பாத்துக்கிட்டிருக்காக. பொறவுதான் தெரிஞ்சுது, ஒவ்வொருத்தியும் அடுத்தவதான் சேலையிலயே ஒண்ணுக்கு இருந்துட்டான்னு நெனச்சிருக்கா. கேட்டா நெருப்பு விழும்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு வேலையப் பாத்துருக்கா.

நான் கையக் காட்டுனேன். வாளியக் காட்டி, வெளிய வாங்கன்னு காட்டி, வெடிக்கும்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனேன். சனிக்கிழமைக்கு என்ன சாட காட்டுறது சொல்லுங்க? விரல்ல எண்ணிக் காட்டுனேன், வானத்தக் காட்டுனேன், மழன்னு விரல ஆட்டுனேன். ஒருத்தி வாயப் பொத்திச் சிரிச்சா. நாப்பத்தி மூணு வருசமாக் கோமாளித்தனம் பண்ணுனவன் கைய ஆட்டுனா வேற என்ன செய்வாக. சுகிர்தம் புறங்கைய வீசுனா. 'போரும், வேலையப் பாக்கணும்'னு அர்த்தம்.

உள்ள போயிக் கையப் பிடிச்சு இழுக்கலாம்னா, இழுபறியில வாளி சாஞ்சா அதோட எல்லாம் முடிஞ்சுது.

அப்பத்தான் எதுத்த வாசல்ல வேதமாணிக்கம் வந்து நின்னாரு. என்னப் பாத்தாரு, வாளியப் பாத்தாரு. நெடி அவருக்கும் எட்டியிருக்கும். ஆனா பொம்பளைகளப் பாத்து, இது இன்னைக்குக் கலந்த மருந்து, புது மருந்து, செலுத்துங்கன்னு நிதானமாக் கைச்சாட காட்டுனாரு. கை பொய் சொல்லுச்சு. கையிலருந்து நெருப்பு விழல. நாக்குக்குத்தான் காவல், கைக்குக் காவல் இல்லன்னு அந்த நிமிசந்தான் எனக்கு வெளங்குச்சு. மூணு மாசமா நாங்க ஊரோட பரிசுத்தமாயிட்டோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோமே, அந்தப் பரிசுத்தம் எல்லாம் இப்பிடித்தான் இருந்துருக்கும்.

சுகிர்தம் அண்ணனப் பாத்தா. என்னப் பாத்தா. திரும்பவும் கையில மருந்த அள்ளுனா.

வாளித் துணி ஓரத்துல ஆவி மாதிரி ஒரு இழை எந்திரிச்சுச்சு.

பேசித்தான் ஆவணும். வாயத் தொறந்தேன், நாக்கு காந்துச்சு. சாதாரணக் காந்தல் இல்ல, அடுப்புல வச்ச கரண்டிய நக்குன மாதிரி. எனக்குள்ள அத்தனையும் தயாரா நிக்குது, திருட்டுப்பய, மீசைக்கு மை பூசுன பய, ஒன் தங்கச்சியவே கொல்லப் பாக்குறியேன்னு, ரெண்டு வருசமா மனசுல ஊறப் போட்டு, கண்மாயில பழக்கி வச்ச வார்த்தைக, ஒவ்வொண்ணும் நெசம், ஒவ்வொண்ணும் கங்கு. அதுல ஒண்ணு வழுக்கி விழுந்தாலும் என் காலுக்குக் கீழ ரப்பர் பாயி, பாயி மேல சிந்துன மருந்து. வாய மூடுனேன். இந்தச் சங்கதியச் சொல்லணும், ஆனா அவரத் தள்ளி விடாமச் சொல்லணும். அப்பிடி ஒரு பேச்சு நான் பொறந்ததுல இருந்து பேசுனதே இல்ல. யாராச்சும் பேசி நான் கேட்டதும் இல்ல.

அவரப் பாத்தேன். நிதானமா நிக்குத மாதிரித்தான் நிக்காரு. ஆனா கண்ணு மட்டும் அந்த வாளிய விட்டு நகர மாட்டேங்குது. தீவாளி லோடு ஏத்துற லாரிக்கு அவசரப்பட்டு, மிச்ச மருந்த அழிக்காம வச்சுட்டாரு. இப்ப ஒத்துக்கிட வாய் இல்ல, நாக்கு காந்துமோ என்னமோன்னு பயம். நானும் சனிக்கிழம அப்பிடித்தான நின்னேன்? கேட்டுல நின்னு பாத்துட்டுக் கறிச்சோறு தின்னவன் யாரு? நான் சொல்ல வந்தது பாதிப் பேச்சு. அடுத்த பாதி என்கிட்டதான் கெடக்கு. அந்தப் பாதிய மொதல்ல எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். காந்தல் கொஞ்சம் கொறஞ்சுச்சு.

"சுகிர்தம்"னேன். மூணு மாசமாக் கம்பெனிக்குள்ள யாரும் கேக்காத சத்தம். நாலு பேரும் அப்பிடியே கல்லாயிட்டாக. எல்லார் கண்ணும் என் வாய்க்குக் கீழ, தரையில.

"சனிக்கிழம மிச்ச வாளி வெளிய போவல. நான் பாத்தேன். பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன், தப்பு என் பேருல."

தரையில ஒண்ணும் விழல. மூச்சு விட்டேன். இனிமதான் இருக்கு.

"மச்சான்"னேன். அந்தச் சொல்லு தொண்டையில ரெண்டு வருசமாத் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, கீச்சுன்னு வந்துச்சு. "மச்சான், அது அந்த வாளிதான். நீரு மறந்துட்டீரு. நானும் நீரும் சேந்துதான் இத உள்ள கொண்டாந்துட்டோம். பிள்ளைகள வெளிய விட்டுருவோம், மச்சான்."

வாயிலருந்து ஒண்ணு விழுந்துச்சு. நாலு பொம்பளைகளும் நானும் கண்ண இறுக்கி மூடுனோம். எச்சிலு. வெறும் எச்சிலு, தாடையில வழிஞ்சு ரப்பர் பாயில சொட்டுச்சு.

கண்ணத் தொறந்தா, வேதமாணிக்கம் அந்தச் சொட்டையே பாத்துக்கிட்டு நிக்காரு. ஊருல எல்லாருக்கும் சட்டம் தெரியும், இப்பிடி ஒரு பேச்சுல பொறி விழலன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். அவரு வாய் மெதுவாத் தொறந்துச்சு.

"ஆமா"ன்னாரு. "சனிக்கிழம மருந்துதான். எந்திரிங்கம்மா. பைய எந்திரிங்க."

அதுலயும் ஒண்ணும் விழல.

நாலு பேரும் எந்திரிச்சாக. மடியில இருக்குறத உதறாம, சேலைய இழுக்காம, தூங்குத பிள்ளையத் தாண்டுத மாதிரி வாளியத் தாண்டி வந்தாக. வாசப்படி எறங்குன பொறவுதான் ஓட்டம். வேதமாணிக்கம் மட்டும் வாளியப் பாத்து ஒரு எட்டு வச்சாரு. தூக்கி வெளிய கொண்டு போயிரலாம்னு நெனப்பு. "விடும் மச்சான், அது நம்ம பேச்சக் கேக்காது"ன்னு சுத்தி ஓடிப் போயி அவரு கையப் பிடிச்சேன். வந்தாரு. பக்கத்து ரூம்கள்ல இருந்தவுகளையும் கத்திக் கூப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கு ஓடுனோம். எல்லாரும் வெளிய வந்து, சுகிர்தம் தலைய எண்ணி முடிக்கையில, பின்னால ஏழாம் நம்பர் ரூம் எந்திரிச்சிச்சு. கூரை போயிக் காட்டுக்குள்ள விழுந்துச்சு. வாசப்படி மட்டும் நாலு பக்கமும் மிஞ்சுச்சு. வாளியக் காணும்.

ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. வேதமாணிக்கம் ரோட்டுலயே முட்டங்கால் போட்டுட்டாரு. பொகையும் வேர்வையுமா மீச மை தாடை வரைக்கும் எறங்கிருச்சு. நான் பாத்தேன். சொல்லல. அது ஒண்ணுதான் அன்னைக்கு நான் ஆண்டவருக்குக் கொடுத்த காணிக்க.

ரோட்டோரமா ஒக்காந்தோம். மடியில இருந்து ஒரு பீடிய எடுத்து வாயில வச்சேன்.

சுகிர்தம் வந்து எனக்கு முன்னால நின்னா. தலையெல்லாம் வெள்ளப் பவுடரு.

"சனிக்கிழமையே தெரியுமா ஒமக்கு?"ன்னா.

தலையாட்டுனேன்.

"ஞாயித்துக்கிழம முழுக்க என் எதுக்க ஒக்காந்து தின்னீரு. எலும்ப வேற ஒறிஞ்சீரு. இன்னொரு கரண்டி போடுன்னு தட்ட நீட்டுனீரே, அந்த வாய்க்கு அது மட்டுந்தான் தெரியுமா? நாளு முழுக்க ஊரு சிரிக்கப் பேசத் தெரியுது, பொண்டாட்டி சாவப் போறான்னா ஒரு வார்த்த சொல்லத் தெரியல? நான் போயிருந்தா யாருகிட்டப் போயி இந்தக் கத அளப்பீரு? சொல்லும், யாருகிட்ட?"

அவ நிறுத்தல. எந்திரிச்சு நடந்தேன், கூடவே வஞ்சுக்கிட்டு வந்தா. அரை மைலும் வஞ்சா. கண்மாய்க் கரையில வஞ்சா, கோயிலத் தாண்டும்போது வஞ்சா, எங்க தெருவுல நொழஞ்சு அழுதுக்கிட்டே வஞ்சா. மூணு மாசமா வெயிலு, ஆமா, ஸ்தோத்திரம் தவிர வேறொண்ணும் கேக்காத ஊரு, வெடிச்சத்தத்துக்கு வெளிய வந்த ஊரு, ரெண்டு பக்கமும் வாசல்ல நின்னு வாயப் பொளந்து கேக்குது. எமிலிபாக்கியம் அக்கா கையில தண்ணி வாளியோட ஓடி வந்தவ, அப்பிடியே நின்னுட்டா. உபதேசியாரு குனிஞ்சு தெருப் புழுதியவே பாத்துக்கிட்டு பின்னாலயே வந்தாரு.

நான் பீடிய வாயில வச்சபடியே வந்தேன், பத்த வச்சுக்கிடலாம்னு, அவ வாய் பக்கமா அடிக்கடி மொகத்த நீட்டிப் பாத்துக்கிட்டே. வீட்டு வாசப்படி வரைக்கும் வந்தாச்சு. பீடி எச்சில்ல ஊறிப் போச்சு. கடைசி வரைக்கும் ஒரு பொறி விழல.